ராணி நாற்காலி

ராணி நாற்காலி என்று பேர் வைத்தவர்கள் தையல் மிஷின்காரிகள். வயிற்றெரிச்சலில் வைத்த பேர்தான். மிஷினைக்கூட நின்றுகொண்டே ஓட்டி, நூறு பேர் காலையிலிருந்து குனிந்து முதுகொடிந்து போகிற இடத்தில், ஒருத்தி மட்டும் மெத்தை போட்ட நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் எரியாதா பின்னே? ஆனால் அதில் உட்கார ஒரே ஒரு தகுதிதான். மாசமாக இருக்க வேண்டும்.

அந்த நாற்காலியைச் சண்டை போட்டு வாங்கியவள் பெரியக்கா, தையல் கூடத்தின் சூப்பர்வைசர். அதற்கு முன்பெல்லாம் வயிறு வெளியே தெரிந்தால் போதும், "பெத்துட்டு வாம்மா, இடம் இருந்தா பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். இடம் ஒருநாளும் இருந்ததில்லை. பெரியக்கா முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றாள். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதை மாசமாக இருப்பவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பிடித்த பிடியை விடவில்லை. பன்னிரண்டு வருஷமாக அதுதான் அங்கே சட்டம்.

வேலை என்ன பெரிய வேலை? அது பச்சைக் குழந்தைகளுக்குப் போர்வை தைக்கிற கம்பெனி. தைத்து வருகிற போர்வையைப் பிரஷ்ஷால் தட்டி, ஒட்டியிருக்கிற தும்பைக் காற்றுக் குழாயால் ஊதி, மடித்து உறையில் போட வேண்டும். தூக்க வேண்டாம், நிற்க வேண்டாம். மிஷின் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பெரியக்காதான் கூடத்தின் மூலையைப் பலகையால் அடைத்துச் சின்ன அறையாக்கினாள். ஜன்னலையும் அவள்தான் சாத்தி வைத்தாள். காற்று அடித்தால் மாசமாக இருப்பவளுக்குச் சளி பிடிக்கும், தும்பும் திரும்பப் பறந்து போர்வையில் ஒட்டும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள் பாருங்கள்!

இதுவரை ஒன்பது பேர் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். பத்தாவது பெரியக்காவின் சொந்தத் தங்கை. ஒரு முறை நான்காம் மாசத்தில் கலைந்து, இப்போதுதான் தங்கி, ஏழாம் மாசம்.

போர்வை வாங்குகிற கம்பெனி கேட்டதென்று, தூசியை அளக்க ஒரு பெண் வந்தாள். பத்துப் பேர் இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி, அதிலிருந்து வரும் குழாயைக் கழுத்துப் பட்டையில் குத்திவிட்டாள். குழாய் நுனியில் காசு அளவுக்கு வெள்ளைக் காகிதம். மூச்சோடு உள்ளே போவது அந்தக் காகிதத்தில் படியுமாம். அந்த வாரம் ரோஸ் நிறப் போர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவள் முதலாளியின் அறைக்கு வந்து, அந்தக் காகிதங்களில் மூன்றைக் கண்ணாடி மூடிக்குள் போட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தாள். பெரியக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இது துணி வெட்டுற மேஜை. இது தையல் மிஷின். இது அந்தச் சின்ன ரூம்."

முதல் இரண்டு காகிதங்களும் லேசாக அழுக்கேறியிருந்தன. மூன்றாவது, முகப்பவுடரை அப்பியது மாதிரி ரோஸாக இருந்தது.

"பஞ்சுதானே? எங்க பொண்ணுங்க பழகிட்டாங்க" என்றார் முதலாளி.

"பஞ்சு இல்ல சார், இந்தத் துணி பாலியெஸ்டர். பிளாஸ்டிக்தான். கண்ணுக்குத் தெரியாத தூளா உள்ள போகுது. பத்து பேர்ல அந்த ரூம்ல இருக்கிற பொண்ணுக்குத்தான் ரொம்ப அதிகம். அவங்க மாசமா வேற இருக்காங்க."

"போனா என்ன ஆகும்?" என்று கேட்டாள் பெரியக்கா.

"நஞ்சுக்கொடியிலயே இந்த மாதிரி பிளாஸ்டிக் தூளைப் பார்த்திருக்காங்கம்மா. பொறந்த குழந்தையோட முதல் மலத்துலயும் பார்த்திருக்காங்க. அது என்ன பண்ணும்னு முழுசா இன்னும் தெரியாது. குறை மாசத்துல பொறக்கலாம், எடை குறையலாம், நுரையீரல் சரியா வளராம போகலாம்னு சந்தேகப்படறாங்க."

"சந்தேகம்தானே?" என்று முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சந்தேகம்தான் சார். ஆனா நான் மாசமா இருந்தா அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

பெரியக்கா மனசுக்குள் ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு எட்டாம் மாசத்திலேயே பிறந்தது. இன்னொருத்தியின் பையனுக்கு இன்றைக்கும் மூச்சிழுப்பு. தூசியால்தான் என்று யார் சொல்ல முடியும்? தூசியால் இல்லை என்றுதான் யார் சொல்ல முடியும்? ஒவ்வொருத்தியையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, கம்பெனிப் போர்வை ஒன்றைக் கொடுத்து, தலையைத் தடவி ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

அந்தப் பெண் போனதும் முதலாளி காகிதங்களை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"தூசி உறிஞ்சுற மிஷின் அடுத்த வருஷம் பார்க்கலாம். உங்க தங்கச்சியை வேணும்னா வேற இடத்துக்கு மாத்திக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஆர்டர் குவிஞ்சு கிடக்கிற இந்த நேரத்துல அந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது. மிஷின்ல இருந்து ஒரு ஆளைக்கூட எடுக்க விட மாட்டேன். மாசமா இருக்கிறவதான் உட்காரணும்னு சட்டம் போட்டது நீங்கதானே?"

"நான் உட்கார்ந்துக்கறேன் சார். எனக்கென்ன, இனிமே புள்ளையா பொறக்கப் போகுது?"

"தாராளமா உட்காருங்க. சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆளைப் போட்டுடறேன். நாற்காலியே வேணாம்னாலும் சரி, மறுபடியும் வயிறு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவள், இன்றைக்கு "பார்க்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சூப்பர்வைசர் நாற்காலியும் மெத்தை போட்டதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நூல் வெட்டுகிற சிட்டு அவளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஆள் சின்னதாக, வேகமாக இருப்பதால் அவளுக்குச் சிட்டு என்று பேர். கல்யாணமாகி எட்டு வருஷம். பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சில்லை.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூணு மாசம்" என்றாள். வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர்.

பெரியக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சந்தோஷம் நிஜமாகவே பொங்கியது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே, அணைத்த கையை எடுக்கும் முன்பே, ஆள் கிடைத்துவிட்டது என்று மனசு கணக்காகச் சொன்னது. சீ, என்ன மனசு இது என்று அவளே காறித் துப்பியிருக்கலாம். அவள் துப்பவில்லை. நிச்சயமாகத் தெரியாதென்று தூசி அளந்த பெண்ணே சொன்னாள் இல்லையா? சந்தேகம்தானே?

தங்கையை மட்டும் அங்கிருந்து எழுப்ப அந்தச் சந்தேகமே போதுமானதாக இருந்தது.

"இப்பவே நீ துணி வெட்டுற மேஜைக்குப் போ" என்றாள் தங்கையிடம்.

"ஏழு மாச வயித்தோட என்னை நிக்க வைக்கிறியா? நீயெல்லாம் ஒரு அக்காவா?" தங்கை கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "அந்த மேஜைகிட்டப் போய் நில்லுன்னு உன் வாயால எப்படி வருது?"

"சொன்னதைச் செய்."

"காரணத்தைச் சொல்லு!"

காரணத்தைச் சொன்னால் தங்கை அதைக் கூடம் முழுக்கச் சொல்லுவாள். சொன்னால் அந்த நாற்காலியில் நாய்கூட உட்காராது. "சிட்டு எட்டு வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கா. அவளுக்குத்தான் இப்ப அது வேணும்" என்றாள் பெரியக்கா எல்லார் காதிலும் விழும்படி.

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு கைதட்டல் கிளம்பியது. "சொந்தத் தங்கச்சியையே எழுப்பிட்டுக் கொடுக்கறாங்க பாருடி. மனுஷின்னா இவங்கதான்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி ஓடிப்போய் நாற்காலி மெத்தையைத் தட்டிப் போட்டாள். அதிலிருந்து ரோஸாக ஒரு புகை எழும்பி மெதுவாகக் கீழே இறங்கியது.

சிட்டு கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டாள். எட்டு வருஷமாக அந்த நாற்காலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். பெரியக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"எம்புள்ளைக்கு உங்க பேரைத்தாங்க்கா வைப்பேன். ஆணோ பொண்ணோ, எப்படியாவது வைப்பேன்."

"முதல்ல நல்லபடியா பொறக்கட்டும்" என்றாள் பெரியக்கா. எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது.

சிட்டு இரண்டு முறை இருமினாள். "லேசா புழுங்குதுக்கா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கட்டுமா?"

"வேணாம், தும்பு பறந்து போர்வையில ஒட்டும்" என்றாள் பெரியக்கா. தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.