சமநிலையான விடை

சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்டால்கூட சேஷாத்ரியிடமிருந்து நேரான பதில் வராது. ஒருபுறம் உப்பு உடம்புக்குத் தேவைதான் என்பான். மறுபுறம் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பான். ஆகவே நடுவில் ஒரு பாதை காண்பதே நல்லது என்று முடிப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு முறை சிவில் சர்வீஸ் தேர்வு எழுதியவன். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதினால்தான் மதிப்பெண் என்று எழுதி எழுதி, சாய்வதற்கான எலும்பே அவனுக்குத் தேய்ந்து போயிருந்தது.

இரண்டு முறை நேர்முகத் தேர்வுவரை போய்க் கோட்டை விட்டு, வயது வரம்பும் முடிந்தபின் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு மென்பொருள் வேலைக்கு வந்து சேர்ந்தான். ஆசை விட்டதா? சனிக்கிழமைதோறும் சென்னைப் பயிற்சி மையம் ஒன்றுக்கு ஆன்லைனில் பாடம் எடுத்தான். அரசுக் கொள்கைகள், நிர்வாகம், நடப்பு விவகாரம். தான் ஆக முடியாத கலெக்டரை வாரந்தோறும் நாற்பது பேரில் உருவாக்கிக்கொண்டிருந்தான்.

குடியிருந்தது முருகேசுவின் வீட்டு மாடியில். முருகேசு யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு பஸ் ஓட்டி, இந்த நாட்டுக் குடிமகனாகி வீடும் வாங்கியவர். அவர் மனைவி செல்லம் ஒருநாள் மாடி ஏறி வந்தாள்.

"தம்பி, எங்கட அண்ணற்ற பெட்டை திருவண்ணாமலைப் பக்கம் அகதி முகாமிலை இருக்கிறாள். அங்கை பிறந்து வளந்தவள்தான். லக்சிகா எண்டு பேர். கலெக்டருக்குப் படிக்கோணுமாம். உங்கட வகுப்பிலை சேத்துவிடுங்கோவன்."

"அதுக்கென்ன அக்கா, ஃபீஸ் வேண்டாம். லிங்க் அனுப்பறேன்" என்றான் சேஷாத்ரி. பெரிய மனசுக்காரன் என்று அன்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

லக்சிகா வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவனிடம் தமிழ்நாட்டுப் பிள்ளையாகப் பேசுவாள், அதே மூச்சில் அவன் திரையில் எட்டிப்பார்க்கும் அத்தை செல்லத்திடம் "ஓம் மாமி" என்பாள். ஒரே ஒரு விடைக்குத்தான் அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய கேள்வி. ஆதரவு ஒரு பத்தி, எதிர்ப்பு ஒரு பத்தி என்று எழுதச் சொல்லியிருந்தான். அவள் ஒரே பத்தியில் எழுதியிருந்தாள்: "இந்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலிருந்து வந்த எங்களை விட்டுவிட்டது." சேஷாத்ரி ‘எங்களை’ என்ற சொல்லைச் சிவப்பில் சுழித்து, ‘உணர்ச்சி வேண்டாம், சமநிலை தேவை’ என்று பக்கத்தில் எழுதிப் பத்துக்கு நான்கு போட்டான். அகதி முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியதை நல்ல முன்னேற்றமாகக் குறிப்பிட்டிருக்கலாம் என்றும் அறிவுரை சொன்னான். அந்தத் தலைப்பே திரையின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த அறிவாளிக்கு உறைக்கவில்லை.

மாசியில் முருகேசுவின் வீட்டில் விருந்து. மகன் மிதுஷன் பக்கத்து ஊர் நகராட்சியில் அரசு அதிகாரியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்திருந்தான். வெளிநாட்டவர் பிரிவில் வேலை. செல்லம் றோல்ஸ் பொரித்து மாளவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மிதுஷன் வலது கையைத் தூக்கி, டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், உறுதிமொழியைச் சொல்லிக் காட்டினான். முருகேசு ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டார்.

செல்லம் கைபேசியில் லக்சிகாவை அழைத்து எல்லாருக்கும் காட்டினாள். பின்னால் முகாம் வீட்டின் தகரக் கூரை தெரிந்தது.

"வாழ்த்துகள் மச்சான்" என்று மிதுஷனிடம் சிரித்தவள், சேஷாத்ரியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், அடுத்த வாரம் அப்ளிகேஷன் வருது. குடியுரிமைன்னு கேக்குற இடத்துல நாங்க என்ன போடணும்?"

 சேஷாத்ரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய விதி அது. அதை இவளுக்கும் சேர்த்து ஒருநாளும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"அது கொஞ்சம் காம்ப்ளெக்ஸ் இஷ்யூ, லக்சிகா. ஒரு பக்கம் பார்த்தா, ஐஏஎஸ்ஸுக்கு இந்தியன் சிட்டிசன்ஷிப் கட்டாயம். இன்னொரு பக்கம், வேற சில சர்வீஸுக்கு எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்னு ஒண்ணு இருக்கு, யாருக்குக் கிடைக்கும்கறது தனி விஷயம். பாலிசி லெவல்ல மனிதாபிமானத்தோட ஒரு முடிவு வந்தா..."

"தம்பி, எனக்கு உது விளங்கேல்லை" என்று செல்லம் இடைமறித்தாள். "பிள்ளை சோதினை எழுதேலுமோ, ஏலாதோ?"

வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாம் பத்தி இல்லாத கேள்வி. சேஷாத்ரி றோல்ஸைத் தட்டில் வைத்தான்.

"கலெக்டராக முடியாது, அக்கா."

 முருகேசுதான் வாயைத் திறந்தார். "நானும் அகதி, இவளின்ரை தேப்பன், என்ரை மச்சானும் அகதி. நான் பிளேன் ஏறினன், அவர் வள்ளம் ஏறினார். சொந்தச் சனம் எண்டு நம்பி ஏறினார்." 

லக்சிகா அழவில்லை. "எங்களுக்குக் குடியுரிமை இல்லைன்னு எனக்குத் தெரியாமலா சார்? எல்லாம் தெரிஞ்ச நீங்க, மாமி கேட்ட உடனே சேத்துக்கிட்டீங்க. அப்ப ஏதோ வழி இருக்குன்னு நினைச்சிட்டேன்" என்றாள். அதற்குமேல் திரையில் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. சேஷாத்ரிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியாமல் மாடிக்கு ஏறிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பைத் திறந்தபோது மூன்றாம் வரிசையில் அவள் இருந்தாள். மற்றவர்கள் வருமுன் அவன் மெல்லக் கேட்டான்.

"லக்சிகா, இனிமே நீ... எதுக்கும்மா?"

"நாளைக்கு எங்க முகாமுக்குக் கலெக்டரா வரப்போறவங்க இங்கதானே படிக்கிறாங்க சார். எங்களப் பத்தி என்ன எழுதிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

திரை நிறைந்தது. சென்னைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், இலங்கை அகதிகள் இந்த வருஷம் எக்ஸ்பெக்டட் கொஸ்டின். மாடல் ஆன்சர் கொடுங்க சார்."

சேஷாத்ரி மூன்றாம் வரிசையைப் பார்த்தான். அவள் பேனாவைத் திறந்து காத்திருந்தாள். 

"எழுதிக்குங்க" என்றான். "ஒருபுறம்..."

அவளும் எழுதிக்கொண்டாள்.