மீட்டர் பூஜ்யம் காட்டியது

கேம்ப் வாசலில் பிக்அப் ஹாரன் அடித்தபோது முரளிதரன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவன் படுப்பான். இன்னொன்றில் ஹெல்மெட்டும் அழுக்குச் சட்டைகளும் கிடக்கும். துணைக்கு ஓர் ஆளைப் போடட்டுமா என்று கேம்ப் பொறுப்பாளர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அமீரகத்தின் அல் ஐன் நகரத்துக்கு வெளியே, பேரீச்சம்பழக் குளிர்கிடங்கு ஒன்றின் கூரையில் சோலார் வேலை நடந்துகொண்டிருந்தது. முரளிதரன் அதற்கு சைட் இன்ஜினியர். அவன் மனைவி ராதிகா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மூளைக்காய்ச்சல். "லேசா தலைவலி, ஒண்ணுமில்ல" என்று போனில் சொன்னாள். "சரி" என்றான். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முற்றத்தில் நாற்காலிகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த பிறகு எதற்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "மாஃபி ப்ராப்ளம்." ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். சாப்பிட வரவில்லையா? மாஃபி ப்ராப்ளம். லீவு வேண்டாமா? மாஃபி ப்ராப்ளம். அதனால் டிரைவர் செய்கு அலாவுதீன் அவனுக்கு 'மாஃபி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ஏறுங்க மாஃபி சார்," என்றார் கீழக்கரைக்காரரான செய்கு. "இன்னைக்காச்சும் ஒரு வார்த்தை பேசுவீங்களாண்டு பாப்போம். எங்க வீட்டுக் கிளியே உங்களவிட நல்லாப் பேசும்."

முரளிதரன் தலையசைத்தான்.

"புதுசா வந்த ஆளப் பாத்தீங்களா? கனெக்டர் மாட்டுற வேகத்துல மெஷினே தோத்துது போங்க."

அதற்கும் தலையசைத்தான்.

புது ஆளின் பெயர் அம்மையப்பன். முரளிதரனுக்கு அது தெரியாது. அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அறந்தாங்கிப் பக்கம். ஊரில் வீட்டு வயரிங் செய்வார், மோட்டார் பார்ப்பார். சோலார் பேனலைத் தொட்டதே இல்லை. ஆனால் சோலார் டெக்னீஷியன் விசாதான் கைக்கு வந்தது. மூன்று வருட அனுபவம் என்று ஏஜென்டே ஒரு சான்றிதழ் தயார் செய்து கொடுத்தார். திருச்சியில் நடக்கும் தேர்வில், பேனல் வயரில் கனெக்டர் பொருத்தச் சொல்வதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார். அம்மையப்பன் அதை மட்டும் இரவு பகலாகப் பழகினார். தேர்வில் முதல் ஆளாகத் தேறினார்.

"மத்ததெல்லாம் அங்க போயிப் பாத்துப் பழகிக்கலாம்ணே. எல்லாரும் அப்படித்தான் போறாங்க," என்றார் ஏஜென்ட்.

போய்ப் பார்த்தார். பழகத்தான் வழியில்லை. யாரிடமாவது கேட்டால் சான்றிதழ் பொய் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். அதனால் மற்றவர்கள் செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்து, அதே போலச் செய்தார். மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் மீட்டரின் கொக்கியை வயரில் மாட்டுகிறார்கள். பூஜ்யம் காட்டினால் கை வைக்கிறார்கள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று காலை கூரையின் மேல் முரளிதரன் நடந்துபோனபோது, அம்மையப்பன் பேனல் வயர்கள் வந்து சேரும் ஒரு பெட்டியருகே குனிந்து மீட்டரைப் பிடித்திருந்தார். போகிற வயர், வருகிற வயர் இரண்டையும் சேர்த்து ஒரே கொக்கிக்குள் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் எவ்வளவு மின்சாரம் ஓடினாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். ஒரு வயரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முரளிதரன் பார்த்தான். இந்த ஆளுக்கு வேலை தெரியாது என்பது அந்த நொடியிலேயே புரிந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிட்டான்.

மதியம் எல்லோரும் பேனல் நிழலில் சாப்பிட்டார்கள். முரளிதரன் கீழே பிக்அப்புக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு தனியாக குபூஸ் ரொட்டியைப் பிய்த்தான். கீழே கிடங்குச் சுவரோரம், கும்பலைவிட்டுத் தள்ளி, அம்மையப்பனும் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன். காதில் போன். யாரிடமோ சிரித்துப் பேசினார். போனை வைத்ததும் முகம் சுருங்கியது. கண்ணாடி வழியாக முரளிதரன் அதையும் பார்த்தான். கூப்பிட வேண்டும் என்று நினைத்தான். கதவைத் திறக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கூரையில் இருந்த இன்வெர்ட்டர் திரையில் ஒரு லைன் குறைவாகக் காட்டியது.

"நாலாவது பாக்ஸ்ல ஒரு ஃபியூஸ் பாக்கணும்," என்றான் முரளிதரன் ஹிந்தியில். யாரிடம் சொன்னான்? யாரிடமும் இல்லை. அவன் உத்தரவுகள் எப்போதும் காற்றுக்குத்தான். பக்கத்தில் நின்ற அம்மையப்பன் முந்திக்கொண்டு போனார். வேலைக்கு முந்துகிறவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

கூரையின் மறுகோடியில் போய்ப் பெட்டியைத் திறந்தார். முதலில் பெட்டியின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. கொக்கியை இரண்டு வயரையும் சேர்த்து மாட்டினார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஊரில் வீட்டு ஃபியூஸ் கேரியரை வெடுக்கென்று பிடுங்குவார்களே, அப்படிப் பிடுங்கக் கையை நீட்டினார்.

திரும்பிப் பார்த்த முரளிதரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உச்சி வெயில். அத்தனை பேனலும் உயிரோடு இருந்தன. வெயில் இருக்கும்வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. ஓடுகிற சோலார் மின்சாரத்தைப் பாதியில் பிடுங்கினால் அது தாவித் தீயாக நிற்கும்.

கத்த வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. பெயர் தெரியாது.

"பாய்! பாய்!"

நான்கு பேர் திரும்பினார்கள். ஒருவர் திரும்பவில்லை. குளிர்கிடங்கின் மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அங்கே ஹிந்தியில் எல்லோரையும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்; அது தன்னையும் குறிக்கும் என்று மூன்று வாரத்தில் அம்மையப்பன் பழகியிருக்கவில்லை.

"அண்ணே, தொடாதீங்க!" என்று அவன் ஓடியபோது, துணி கிழிவதைப் போல ஒரு சத்தம். நீல வெளிச்சம். அம்மையப்பன் மல்லாந்து விழுந்தார்.

மருத்துவமனையில் நர்ஸ் மலையாளத் தமிழில் கேட்டாள். "பேஷண்டோட பேர் என்ன?"

முரளிதரன் திரும்பிச் செய்குவைத் தேடினான்.

"அம்மையப்பன்," என்றார் பின்னால் வந்த செய்கு. பிறகு மெதுவாக, "சார், இதுகூடவா தெரியாது?" என்றார். அந்த முறை கேலி செய்யவில்லை.

வலது உள்ளங்கை வெந்திருந்தது. கண்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் பார்வை சரியாகும், கைக்கு மாதக்கணக்கு ஆகும் என்றார் டாக்டர்.

அம்மையப்பனின் போன் முரளிதரனின் சட்டைப் பையில் இருந்தது. அது அடித்தது. திரையில் 'மீனா' என்று வந்தது. சட்டைப் பையில் ஒரு பெண்ணின் அழைப்பு அதிர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எடுத்தான்.

"யாரு பேசுறது? அவுக எங்க?"

"நான் அவர்கூட வேலை பாக்குறேன். கையில சுட்டிருச்சு. ஒண்ணு..." ஒண்ணுமில்ல என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான். "கொஞ்சம் பெரிய காயந்தான். உயிருக்கு பயமில்ல. கண்ணுல கட்டு இருக்கு. நாளன்னைக்கு பாப்பாரு."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"அவுகளுக்கு இந்த சோலாரெல்லாம் தெரியாது தம்பி. பயந்து பயந்துதான் வேலைக்குப் போறேன்னு தினம் எங்கிட்ட சொல்லுவாக. யாருகிட்டயாவது கேளுங்கன்னா, கேட்டா அனுப்பிருவாய்ங்கன்னு சொல்லுவாக. அங்க ஒரு இன்ஜினியர் இருக்காராம். அவரு யாருகிட்டயும் பேசவே மாட்டாராமே."

முரளிதரன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஆமாங்க," என்றான். "பேச மாட்டாரு."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நேரமாச்சே, நீங்க சாப்ட்டீங்களா?"

போனைக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடந்தவரின் காதில் வைத்தான்.

மறுநாள் மேனேஜர் அவனை அழைத்தார். "பொய் சர்ட்டிபிகேட். கைக் கட்டு பிரிச்சதும் டிக்கெட் போட்டுடு. கலாஸ், அவ்வளவுதான்," என்றார் ஹிந்தியில்.

"வேலை தெரியாதவர்னு நான் காலையிலயே பாத்தேன் சார்," என்றான் முரளிதரன். "சொல்லல. அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க. இல்லேன்னா எங்கிட்ட விடுங்க. இந்த சைட்ல இன்னும் எத்தன பேரு இப்படி இருக்காங்கன்னு தெரியணும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி மேனேஜர் கேட்டதில்லை. யோசித்தார். கை ஆறும்வரை ஸ்டோரில் இருக்கட்டும், பிறகு உன் பொறுப்பு என்றார்.

அம்மையப்பனுக்குக் கேம்பில் அடுக்குக் கட்டிலின் மேல் தட்டு. ஒரு கையால் ஏற முடியாது. அன்று மாலை முரளிதரன் தன் அறையில் இரண்டாவது கட்டிலில் கிடந்த ஹெல்மெட்டையும் சட்டைகளையும் எடுத்துக் கீழே வைத்தான். விரிப்பை உதறினான். நிறைய மணல் கொட்டியது.

வெள்ளிக்கிழமை காலை கேம்ப் முற்றத்தில் ஒரு பேனலைச் சாய்த்து வைத்தான். அதிலிருந்து ஒரு சின்ன பம்ப். பம்ப் ஒரு வாளியில். எல்லோரும் வந்தார்கள். செய்கும் வந்தார்.

"நான் டிரைவரு சார். எனக்கு எதுக்குப் பாடம்?"

"நீங்க உக்காருங்க செய்கு பாய். மத்தவங்க முதல்ல பேரு சொல்லுங்க."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

பிறகு மீட்டரின் கொக்கியை இரண்டு வயரையும் சேர்த்து மாட்டினான். வாளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. மீட்டர் பூஜ்யம் காட்டியது. மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டதை முரளிதரன் கவனித்தான். அவர்கள் பெயர் இப்போது அவனுக்குத் தெரியும்.

"பூஜ்யம் காட்டுனா உள்ள ஒண்ணும் ஓடலன்னு அர்த்தமில்ல," என்றான். "நாம பிடிச்ச விதம் தப்பா இருக்கலாம். முதல்ல பெட்டியோட ஸ்விட்ச அணைக்கணும். ஒரு வயர மட்டும் பிடிச்சுப் பாக்கணும். அப்புறந்தான் கை வைக்கணும். அம்மையப்பண்ணே, நீங்க வாங்க."

அம்மையப்பன் எழுந்து வந்தார். வலது கை கழுத்தில் தொங்கியது. இடது கையால் கொக்கியைத் திறந்து, ஒற்றை வயரில் மாட்டினார். எண் ஏறியது.

"எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இந்தக் கை தப்பிச்சிருக்கும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "காசு குடுத்து சர்ட்டிபிகேட் வாங்கலாம்ப்பா, வேலைய வாங்க முடியாது. பரீட்சை வைக்கிறவர ஏமாத்தலாம், மேனேஜர ஏமாத்தலாம். கரண்ட ஏமாத்த முடியாது. கத்துக்காத வேலைக்குத் தெரியும்னு சொல்லி யாரும் வராதீங்க. வந்துட்டீங்கன்னா, வெக்கப்படாம கேளுங்க."

அவர் முரளிதரன் பக்கம் திரும்பினார். மீதியைச் சொல்ல வேண்டியவன் தான்தான் என்று முரளிதரனுக்குத் தெரிந்தது.

"ஒருத்தருக்கு வேலை தெரியலன்னு பாத்துட்டா," என்றான், "அப்புறம் சொல்லிக்கலாம்னு யாரும் நகராதீங்க. தெரியாம கை வைக்கிறவர விட, தெரிஞ்சும் பேசாமப் போறவன் செய்ற தப்பு பெருசு."