இரண்டு முதலாளியம்மா

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியம்மா இரண்டு பேராக உள்ளே வந்தார். இரண்டு பேர் தோளிலும் ஒரே பச்சைக் கைப்பை. "என்ன, இன்னும் லைட் போடலையா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பக்கத்தில் வர வர ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து, என் மேசைக்கு முன்னால் வந்தபோது ஒருவராக நின்றார்.

நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

கண் பரிசோதிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் படித்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இதுவா?" என்று கேட்பேன். பேசக் கூச்சப்படுகிறவளுக்கு ஏற்ற வேலை. அந்த ஒரு கேள்வியிலேயே நாள் ஓடிவிடும்.

வாடிக்கையாளருக்குச் செய்வதை எனக்கும் செய்துகொண்டேன். வலது கண்ணைக் கையால் மூடினேன். கல்லாப்பெட்டி அருகே போய் மறுபடி இரண்டாகியிருந்த முதலாளியம்மாவில் ஒருவர் காணாமல் போனார். இடது கண்ணை மூடினேன். மற்றவர் போனார். ஆக, தனித்தனியாக இரண்டு கண்ணும் சரி. சேர்ந்து பார்க்கும்போதுதான் ஒத்துப்போகவில்லை. திடீரென்று ஒருவருக்கு இப்படி ஆனால் கண்ணாடி விற்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மருத்துவரிடம் போனால் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனைச் சொன்னால் வாந்தியைச் சொல்ல வேண்டும். வாந்தியைச் சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

என் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போலத் தைத்திருந்தார்கள். எடை குறைவதற்காக. வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். வாயைத் திறந்ததும் வயித்தை வெட்டணும்ங்குது" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சண்டை போட்டு ஜெயித்த விஷயம் அது. எனக்கு என்ன ஆனாலும் நானே பார்த்துக்கொள்வேன் என்று கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்லியிருந்தேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. சூப் இறங்கியது. அப்புறம் கெட்டியாகச் சாப்பிடத் தொடங்கியதும் எதுவும் தங்கவில்லை. மசித்த முட்டை போகும், திரும்பி வரும். சத்து மாத்திரைகளும் அப்படியே. குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன். வெளியே அம்மா, "இவ்ளோ தண்ணியை வீணாக்கறியே!" என்பாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பழைய உடைகள் தொளதொளவென்று தொங்கின. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன மருந்துன்னு எனக்கும் சொல்லேன்" என்றாள். அக்காகூட ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். அந்தப் "பரவால்ல"வை இழக்க எனக்கு மனமில்லை.

கடையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிறவரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவர் போட்டிருக்கும் கண்ணாடி அப்படி. அவரிடம் மட்டும் சொன்னேன்.

"அண்ணே, தூரத்துல இருக்கறதெல்லாம் எனக்கு ரெண்டா தெரியுது."

"சம்பள நாள்ல மட்டும் அப்படித் தெரிஞ்சா சொல்லு, நானும் அதே கண்ணாடி போட்டுக்கறேன்."

"வெளையாடாதீங்க. ஒரு பிரிஸம் லென்ஸ் போட்டுக் குடுங்க. பவர் நானே பார்த்துட்டேன்."

பிரிஸம் என்பது ஒரு பக்கம் தடிப்பான லென்ஸ். பிம்பத்தைக் கொஞ்சம் நகர்த்தித் தரும். விலகிப் போன இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைக்கும். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு ரெட்டைப் பார்வை வந்தால் வேறு என்ன தோன்றும்? தச்சனுக்குக் கால் உடைந்தால் கட்டையைத் தேடுவான்.

அவர் தன் தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "தாயே, வர்றவங்களுக்கு நீதானே சொல்லுவே, டாக்டர்கிட்ட போங்கன்னு?"

"சொல்லிட்டேன் அண்ணே. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிட்டேன்."

பண்ணியிருந்தேன். மதிய இடைவேளையில் கடையின் பின்படியில் உட்கார்ந்து, மருத்துவமனையின் உணவு ஆலோசகரைக் கூப்பிட்டேன். மென்மையான குரல்காரர். வாந்தி வருகிறது என்றேன். "ஆரம்பத்துல அப்படித்தாங்க இருக்கும். மெதுவா மென்னு சாப்பிடுங்க, அவசரமே வேண்டாம்" என்றார். அவர் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. எல்லாம் நன்றாக நினைவிருந்தது. அதனால் நிம்மதியாகவும் இருந்தது.

கண்ணாடி மறுநாளே தயாரானது. போட்டதும் முதலாளியம்மா ஒருவரானார். சோடாபுட்டி கைதட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடி ஒரு நாள்தான் உழைத்தது. அடுத்த நாள் காலை கதவின் இரண்டு பிம்பங்களுக்கும் நடுவே மறுபடி ஓர் இடைவெளி. பவரைக் கூட்டி இன்னொன்று செய்துகொண்டேன். அதுவும் ஒத்துவரவில்லை. நேராகப் பார்த்தால் ஒன்று, ஓரமாகப் பார்த்தால் இரண்டு. தெருவைக் கடக்கும்போது வருகிற வண்டி எது, வராத வண்டி எது என்று தெரியாமல் நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டே இருப்பேன். நடக்கும்போது கால்கள் தாமாக அகலமாக விழுந்தன, படகில் நடப்பதுபோல. "எடை குறைஞ்சதுல பேலன்ஸ் போச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கே அது சரியான காரணமாகத் தோன்றியது.

அப்புறம் நடந்தவை எந்த வரிசையில் நடந்தன என்று எனக்குத் தெரியாது. ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசோதித்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, இப்பதானே பார்த்தே?" என்றார். நான்தான் அவரை மறுபடி கூப்பிட்டிருந்தேனாம். இன்னொரு நாள் ஒரு பெண்ணின் வலது கண் பவரை இடதுக்கு எழுதியிருந்தேன். சோடாபுட்டி பார்த்துத் திருத்தினார். அன்று அவர் கேலி செய்யவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை வைத்துப் பிழைக்கிறவள் நான். கண் போனால் எனக்கு வேறென்ன தெரியும்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அந்த போன் பேச்சை நினைத்துக்கொள்வேன். சொல்லியாகிவிட்டது. சாதாரணம்தான் என்றார்கள்.

ஒரு காலை பல் தேய்க்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தேன். அக்கா வந்து என்னைப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "சாப்பிடறதே இல்ல போல. வீக்னஸ்தான். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா எழுந்து ஓடிடுவாங்க" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா, "ஆபரேஷன் பண்ணியிருக்கு டாக்டர்" என்று தொடங்கினாள். "நான் ஆஸ்பத்திரில கேட்டுட்டேன்க்கா. சாதாரணம்னாங்க" என்று நான் குறுக்கே சொன்னேன். மருத்துவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பாட்டில் இறங்கியது. நான் எழுந்து ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். அவளை நான் முதலாளியம்மா என்று கூப்பிட்டேனாம். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தேனாம். நர்ஸைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேனாம். "அந்தப் பொண்ணும் பாவம், சுவத்துல இருந்த காலண்டரைப் படிச்சுது" என்றாள் அக்கா. அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஒரு வண்டியைப் பிடித்து, ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கே கொண்டுபோய்விட்டாள்.

அங்கே நடந்தது பாதி எனக்கே நினைவிருக்கிறது. தூங்கி விழித்ததில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஓர் இளம் பெண் மருத்துவர். இரண்டு இளம் பெண் மருத்துவர்கள். அக்கா என் தலைமாட்டில். கதவருகே அந்த உணவு ஆலோசகர். குரலை வைத்துத்தான் தெரிந்தது.

"இவங்ககிட்ட போன்ல சொன்னேனே" என்றேன்.

ஆலோசகர் முன்னால் வந்தார். "எங்கிட்டயா? இல்லைங்க. நீங்க கூப்பிடவே இல்ல. நாங்கதான் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டோம். நீங்க எடுக்கல."

"குழந்தை அழுதுச்சே. மெதுவா மென்னு சாப்பிடுங்கன்னு சொன்னீங்களே."

அவர் யோசித்தார். "அது டிஸ்சார்ஜ் அன்னிக்குச் சொன்னது. பக்கத்து ரூம்ல குழந்தை அழுதுட்டு இருந்துச்சு. ஆமா."

பொய் சொல்லிப் பிடிபட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். இது அப்படி இல்லை. நான் பொய் சொல்லவில்லை. பின்படியின் சூடுகூடத் தொடையில் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு மதியம் நடக்கவில்லை.

"நெனப்புல விழுந்த ஓட்டையை மூளையே எதையாவது வெச்சு அடைச்சுக்கும். வேணும்னு பண்றதில்ல" என்றார் மருத்துவர், அக்காவைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி ஒரு விரலை நிமிர்த்தினார். "தலையை ஆட்டாம, கண்ணால மட்டும் பாருங்க." விரலை ஓரத்துக்கு நகர்த்தினார். "எத்தனை விரல் தெரியுது?"

இந்தச் சோதனையை நூறு பேருக்குச் செய்தவள் நான். எந்தப் பிம்பம் நிஜம், எது நிழல் என்று எனக்குத் தெரியும். நிழலை விட்டுவிட்டு "ஒண்ணு" என்று சொன்னால் முடிந்தது. அக்கா குனிந்து என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் அந்தப் பழைய பேச்சு தயாராக இருக்கிறதா என்று தேடினேன். அந்த முகமும் இரண்டாகத் தெரிந்ததால் ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அம்மாவுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு அதுவும் தெரியாது. வாந்தியைப் பற்றி உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஆளுக்கு நடக்காதது நினைவிருக்கிறது, நடந்தது நழுவுகிறது. நாளைக்கு நான் உண்மையைச் சொல்ல நினைத்தாலும் அது என்னிடம் இருக்குமா?

"ஒண்ணுதான் காட்டறீங்கன்னு தெரியும். ஆனா ரெண்டு தெரியுது" என்றேன். "வாந்தி வருது டாக்டர். கெட்டியா சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து. தினமும். தண்ணி குடிச்சாக்கூட. மாத்திரை எதுவும் தங்கல."

மருத்துவர் கதவுப் பக்கம் திரும்பி நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். கையில் ஊசி ஏறியது.

"வைட்டமின் பி-ஒன்" என்றார் என்னிடம். "உடம்புல இதை ரொம்ப சேர்த்து வெக்க முடியாது. வாந்தியில எல்லாம் போயிருக்கு. சர்க்கரையை எரிக்க இது வேணும். மிச்சம் இருந்ததையும் அந்த குளுக்கோஸ் பாட்டில் வழிச்செடுத்துட்டுப் போயிருச்சு. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணைத் திருப்புற மூளைக்குத்தான் பட்டினி."

"சரியாயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"கண்ணு சீக்கிரம் சரியாகும். நடை கொஞ்ச நாள் ஆகும். ஞாபகம்... பார்க்கலாம்."

மறுநாளே இரண்டு மருத்துவர்கள் ஒட்டிக்கொண்டு ஒருவரானார்கள். என் வயிற்றுக் குழாய் ஓரிடத்தில் குறுகி மடங்கியிருந்ததாம், அதையும் உள்ளே கருவி விட்டு விரித்தார்கள். சூப் தங்கியது. கைத்தாங்கலாகக் கழிப்பறை வரை போய் வந்தேன். அம்மா தினமும் வந்து என் கன்னத்தைத் தடவி, "என்கிட்ட சொல்றதுக்கென்னடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். சோடாபுட்டி ஒருநாள் வந்தார். நான் செய்யச் சொன்ன பிரிஸம் கண்ணாடிகளை உடைத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். "உனக்கு லென்ஸ் அறுத்தேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரல தாயே" என்றார். முதலாளியம்மா வேலையை அப்படியே வைத்திருக்கிறாராம். ஆனால் மருத்துவர் சொல்லும்வரை நான் தனியாக யாருக்கும் பார்க்கக் கூடாது.

அக்கா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவள் தட்டில் முட்டையை மசித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போதெல்லாம் எதைப் பற்றியும் உறுதியில்லை என்றால் அவளிடம்தான் கேட்கிறேன். பெரியவர் இரண்டு தடவை வந்தாரா? வந்தார், சோடாபுட்டி சொன்னார். நர்ஸ் காலண்டரைப் படித்தாளா? படித்தாள். அம்மா ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் குடையோடு வந்தாளா? இல்லை, நம்மிடம் மஞ்சள் குடையே கிடையாது. நடந்தது, நடக்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் இரண்டு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஒன்று கேட்டேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, வண்டியின் பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா விம்மி விம்மி அழுதாள். அவள் கண்ணீர் என் காதுக்குள் விழுந்து கூசியது. அப்படித்தான் எனக்கு நினைவிருக்கிறது.

"அக்கா, அன்னிக்கு வண்டில நீ அழுதியா?"

அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நானா? போடி இவளே. எனக்கு வேற வேலை இல்ல?"

அதை "நடக்கவில்லை" பக்கம் தள்ளி வைக்கத்தான் பார்த்தேன். அது போகமாட்டேன் என்கிறது. வண்டியில் எங்களோடு வேறு யாரும் இல்லை. ஓட்டுநர் முன்னால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இதை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.