இரண்டு வருடப் பாட்டுப் படிப்பு

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்ததால், தாட்சாயணி இரண்டு வருடம் கல்லூரிப் பக்கமே போகவில்லை. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியபோது 1960 ஜூன் வந்துவிட்டது. ஏப்ரலில் சித்தூர் ஆந்திராவுக்கே என்று எல்லையும் ஒரேயடியாக முடிவாகி, வேலூர்ப் பக்கம் போனால் வெளி மாநிலத்தவள் என்பார்கள் என்ற பேச்சு. மிச்சமிருந்தது திருப்பதிக் கல்லூரி ஒன்றுதான்.

அதன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி முள்ளாக நின்றது: இடைப்பட்ட காலத்தில் என்ன படித்தாய்? பதில் சரியில்லையென்றால் கணிதப் பிரிவில் இடமில்லை என்று கல்லூரிக் குமாஸ்தா கையை விரித்துவிட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அவள் படித்தது சித்தூரில் மாலைநேரச் சங்கீத வகுப்பு மட்டுமே. அண்ணன் நாகேந்திரன் கோர்ட்டில் வேலை பார்ப்பவன். எந்தக் காகிதத்தில் எதை எழுதவேண்டும் என்பது தனக்கு அத்துப்படி என்று நினைப்பவன். அவன் சொன்னான்: “பாட்டைக் கீழ பொழுதுபோக்குல எழுது. மேல எழுதினா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பாடறதெல்லாம் ஒரு படிப்பான்னு சிரிப்பாங்க.”

“யாருக்கும் பாடிக் காட்டறதுக்கு நான் கத்துக்கல அண்ணா.”

நான்கு தாள்களில் எழுதிப் பார்த்தாள். ‘இசை மேல் எனக்கு ஆசை’ என்ற வரியை நான்கிலும் அடித்தாள். பிறகு வாராவாரம் செய்ததை மட்டும் வரிசையாக வைத்தாள்: தாளக் கணக்கு, சுரம் எழுதுதல், ராகங்களை ஒப்பிடுதல், ஆறு நோட்டுகள். அதை மையால் படிப்பு என்ற இடத்திலேயே எழுதினாள்.

நேர்முகத்தில் கணித விரிவுரையாளர் ரத்னம்மா அந்த வரியில் விரலை வைத்தார். தெலுங்குக்காரர், தமிழும் வரும். பாட்டில் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

தாட்சாயணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் நான்கு இடம், ஆக முப்பத்திரண்டு. ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு கோவையை மூன்று தரம் பாடவேண்டும், நடுவில் இரண்டிரண்டு இடம் விட்டு, மொத்தம் பத்தொன்பது. அது முடிந்த மறுகணம் அடுத்த சுற்றின் முதல் அடி விழவேண்டும். “அதனால முதல் அடியையும் சேத்து பன்னெண்டு இடம் விட்டு ஆரம்பிக்கணும்” என்று தொடையில் தாளம் போட்டுச் சுரம் சொன்னாள்.

கோவை முடிந்தது. அடி விழவில்லை. ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது.

ரத்னம்மா பேனாவை மூடினார். தாட்சாயணியின் காது சுட்டது. ஆனால் கை தாளத்தை விடவில்லை. முதல் அடியிலிருந்து மறுபடி எண்ணினாள்.

“தப்பு என்னுதுதான் மேடம். பாடறவங்க எல்லாருக்கும் வர்ற தப்பு. முதல் அடி போட்டதும் ஒண்ணு போயிடுது, அதுக்கப்புறம்தான் பன்னெண்டு. நான் அடியையும் பன்னெண்டுக்குள்ளயே எண்ணிட்டேன். மொத்தம் பதிமூணு விடணும். பதிமூணும் பத்தொன்பதும் சேந்தாத்தான் முப்பத்திரண்டு.”

மீண்டும் பாடினாள். கடைசிச் சுரத்தின் காலடியிலேயே அடி வந்து உட்கார்ந்தது.

ரத்னம்மா பேனாவைத் திறந்து, விண்ணப்பத்தின் தலையில் ‘கணிதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தப்பை மறைக்காமல் தேடுகிறவர்கள் தன் வகுப்பில் குறைவு என்று மட்டும் சொன்னார்.

வெளியே நாகேந்திரன் காத்திருந்தான். “இன்னா கேட்டாங்க? பாடச் சொன்னாங்களா?”

“கணக்குக் கேட்டாங்க. தப்பாச் சொன்னேன். சேத்துக்கினாங்க.”