இருபத்தேழாம் வரிப் பிழை

இணையதளம் வடிவமைக்கும் அந்த இரண்டு மேசை அலுவலகத்தில் அண்ணியும் நாத்தனாரும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கண் மருத்துவமனையின் இணையதளத்துக்கு நிறமும் எழுத்தளவும் தரும் கோப்பை நாத்தனார் புதிதாக எழுதியிருந்தாள். காலையில் அண்ணியின் கணினியில் அது ஓட மறுத்ததில்தான் தொடங்கியது. இருபத்தேழாம் வரியில் பிழை என்றே திரும்பத் திரும்பச் சொன்னது.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே அண்ணி."

"அப்ப உன் கம்ப்யூட்டரையே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்துடலாமா? அவசரத்துல எழுதினா இப்படித்தான்."

அண்ணி அந்த வரியைத் தன் வழக்கப்படி மாற்றி எழுதினாள். பிழை முப்பத்தொன்றாம் வரிக்குத் தாவியது. மதியம்வரை மல்லுக்கட்டியவள், எதற்கும் பார்ப்போமே என்று இரண்டு கணினிகளிலும் அந்தக் கோப்பை ஓட்டும் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். அவளுடையது நான்கு வருடப் பழசு. நாத்தனார் எழுதிய கட்டளை பிறப்பதற்கு முன்பே வந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு வருட அனுபவம் என்ற நினைப்பில் தன் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை. புதிய பதிப்பை நிறுவியதும் நாத்தனாரின் கோப்பு முணுமுணுப்பில்லாமல் ஓடியது. அண்ணியின் பழைய கோப்புகளுக்குத்தான் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் வரிசைகட்டின: இப்படி எழுதும் முறை சீக்கிரம் செல்லாமல் போகும்.

அவள் நாற்காலியை அடுத்த மேசைக்கு இழுத்துப்போட்டாள்.

"தப்பு என்னோடதுதான். உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவால்ல அண்ணி. ஆனா காலையில எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அண்ணி, "இதையெல்லாம் எப்படி மாத்துறதுன்னு சொல்லிக்குடு" என்று தன் கோப்பைத் திறந்தாள்.