உப்பு மாஸ்டர்

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரிப் படிகளில் தடதடவென்று இறங்கினாள். கீழே அவள் நாத்தனார், அதாவது மாஸ்டரின் அக்கா, முன்பின் தெரியாத யாருக்கோ தம்பியின் நோயை முதலிலிருந்து விவரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கால் கட்டை விரலை ஆட்டினாரு. நான் சொன்னதும் ஆட்டினாரு."

"நீ ஆட்டிவிட்டிருப்ப."

"நர்ஸும் பாத்தாங்க அண்ணி."

நர்ஸ் பார்த்தாள் என்றதும் நாத்தனார் செருப்பைக்கூட மறந்து எழுந்து ஓடினாள், ஓடிக்கொண்டே தெருவுக்குப் போனும் போட்டாள். எதிர்வீட்டு டெய்லர் அந்த அசைவை விரலிலிருந்து முழங்காலுக்கு ஏற்றினார். செய்தி பால் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டிருந்தார்.

விருந்துச் சமையலில் அவருக்கு உப்பு பிசகியதே இல்லை. அதனால்தான் உப்பு மாஸ்டர். அப்பேர்ப்பட்டவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அது நின்ற பிறகு பாதம் மரத்தது, கால் துவண்டது, பிறகு கை, கடைசியில் மூச்சு. தொண்டையில் குழாய் ஏறியது.

"வேகாத கோழியில இருந்த கிருமி உள்ள போயிருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. "அதை அடிக்கக் கிளம்பின உடம்பு, ஆள் தெரியாம சொந்த நரம்பையே அடிக்குது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனவங்களும் பெரும்பாலும் மெல்லத் தேறிடுவாங்க."

நாத்தனார் காதில் வேகாத கோழி மட்டும் ஒட்டிக்கொண்டது.

"என் தம்பி ஊருக்கே ஆக்கிப் போட்டவன். அவன் அடுப்புல வேகாம இருக்குமா? வீட்டுல எவளோ அவசரத்துல இறக்கியிருக்கா."

எவள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்ததே ஒருத்திதான்.

அந்த ஒருத்திக்குக் காரணம் தெரியும். கோழி பாதி வேகும்போதே ஒரு துண்டை வாயில் போட்டு உப்பு பார்ப்பார் மாஸ்டர். கடைசி விருந்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதை அவள் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால், உப்பு மாஸ்டர் உப்பு பார்த்தே படுத்துவிட்டார் என்று தெரு நாள்கணக்கில் மென்று தின்னும். தெருக்காரர்கள் நமக்கும் வேறு வேலை என்ன? குழாயை எடுக்கட்டும், அவரே அக்காவிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டதற்கு அவரும் கண்ணைச் சிமிட்டியிருந்தார். இப்போது விரலும் அசைந்துவிட்டது.

மேலே ஆளுக்கொரு பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆட்றா. எனக்கும் காட்டுடா" என்றாள் அக்கா.

விரல் அசைந்தது. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "சீக்கிரம் எழுந்து வா, உன் பொண்டாட்டி சமையலைப் பத்தி நிறைய பேசணும்."

அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. அப்போது மெஷினின் சத்தம் மாறியது. நர்ஸ் அவர்களை வெளியே தள்ளித் திரையை இழுத்தாள். இதயத்துக்குப் போகும் நரம்பும் தடுமாறி, இதயம் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா பிறகு வந்து சொன்னாள்.

அடக்கம் முடிந்து, பதினாறாம் நாள் கறிச்சோற்றுக்கு வந்தவர்களுக்கு வாசலில் அண்டா ஏறியது. துக்கத்தாலும் நாத்தனார் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்க முடியவில்லை. கோழி கொதிக்கத் தொடங்கியதும் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயருகே கொண்டுபோனாள். மாஸ்டரின் மனைவி விரைந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேகட்டும் அண்ணி."

"உப்பு பாக்க வேணாமா? இந்தப் பதத்துலதான் பாக்கணும். அவனுக்கே நான்தான் சொல்லிக் குடுத்த..."

பிடித்தவள் கையை விடவில்லை. துண்டு நழுவிக் குழம்பில் விழுந்தது.

மூடியை எடுத்து நாத்தனாரே மூடினாள். இருவரும் அடுப்புக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"ஆச்சுங்களா?" என்று டெய்லர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வேகணும்" என்றாள் நாத்தனார்.

மூடி லேசாக அசைந்துகொண்டிருந்தது.