வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்

நனைத்த பஞ்சால் சின்னவள் அக்காவின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தபோது அக்கா மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"கிளம்பிட்டாளா?"

"இல்லக்கா. உன் பொண்ணாச்சே, சொன்ன உடனே கேட்டுடுவாளா?"

மகள் கைப்பையோடு கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றாள். மேமோகிராம் என்ற மார்பகப் படம் எடுக்க அன்று காலை அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். "உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்கயும் போகல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

பெரியவளுக்குப் பேச மூச்சு போதவில்லை. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன விரலைத் தூக்கிக் கதவைக் காட்டினாள். அக்காவும் தங்கையுமாக நடத்திய தையல் கடையில் அந்த விரல் காட்டியதுதான் சட்டம். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியேறினாள்.

பெரியவளும் ஒருமுறை அதே படத்துக்குப் போனவள்தான். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கிறது, அல்ட்ராசவுண்டும் எடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கடையில் பள்ளிச் சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்த நேரம் அது. "ஒண்ணும் தெரியலன்னுட்டாங்கடி. மத்தத இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்று சிரித்தபடி வந்து வெட்டு மேசை முன் நின்றுவிட்டாள். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் கட்டி வந்துவிட்டது.

பிறகுதான் டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கினார். அடர்த்தியான திசு படத்தில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளைதான். மறைப்பது மட்டுமல்ல, அடர்த்தி கூடினால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அதை வைத்தே ஓரளவு கணிக்கலாம். மகளுக்கும் அம்மாவின் வாகு இருக்கலாம், வரச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் தங்கையிடம் தன் பாஷையில் சொன்னாள். "வெள்ளைத் துணியில வெள்ளை நூல் விழுந்தா கண்ணுக்கு எங்கடி தெரியும்? தடவித்தான் பாக்கணும்." மகளோ பயத்தில் ஆயிரம் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள்.

மகள் போன பிறகு பெரியவளின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒன்று வந்ததும் அடுத்ததற்காகச் சின்னவள் காத்திருந்தாள். ஒருமுறை அது வரவேயில்லை. அவள் அக்காவின் கண்களை மூடினாள். வயிற்றிலிருந்து கிளம்பிய அழுகை தொண்டைக்கு வருமுன் செல்போன் அடித்தது.

"சித்தி, படம் எடுத்துட்டாங்க. அம்மா மாதிரியே அடர்த்தியாம். அல்ட்ராசவுண்டுக்கு உட்கார வெச்சிருக்காங்க. மனசே சரியில்ல. இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடவா?"

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து அக்காவின் கணவர் போனுக்குக் கை நீட்டினார். சின்னவள் போனைக் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துட்டே வா."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்குறா."

"என்னைக் கேட்டாங்களா?"

"நல்லா தூங்குறாடி. வலி இல்ல. நீ முடிச்சிட்டு வா."

போனை வைத்ததும் அவர் பொங்கினார். "பெத்தவ போனது பொண்ணுக்குத் தெரியக் கூடாதா? இனிமே உன் முகத்துல முழிப்பாளா அவ?"

"முழிக்காட்டிப் போறா மாமா. அவ உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். உரக்க அழக்கூட உரிமை இல்லாத வீடாகப் போயிற்று அது. சின்னவளுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டம்மாதான், ஊருக்கே தண்டோரா போடுகிறவள். சின்னவள் எழுவதற்குள் அவர் போய்க் கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தார்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூங்குறா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சின்னவள் போர்வையின் சுருக்கங்களை நீவினாள். தலையணை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பழக்கதோஷத்தில் பல்லால் கடித்தாள். தெருவில் ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் வாசலைப் பார்த்தாள்.

கடைசியில் மகள் வந்துவிட்டாள். செருப்பை வாசலிலேயே சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, பெரிய உறையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"சின்னதா ஒண்ணு தெரியுதாம் சித்தி" என்றாள், காற்று மட்டுமே வந்த குரலில். "படத்துல தெரியவே இல்லையாம். ஊசியில சதை எடுத்துப் பாக்கணுமாம். நல்லவேளை இருந்து எடுத்தீங்கன்னாங்க."

சின்னவள் எழுந்து நின்றாள்.

"நீங்க சொல்லாதீங்க. அம்மா எழுந்ததும் நானே சொல்றேன்."

வளையல் குலுங்காமல் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நுனிக்காலில் கட்டிலை நோக்கி நடந்தாள்.